பின்தலை

லிஃப்டில் போடச் சில்லறை இல்லை.
மேல்மாடி சியாலா
பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கினாள்.
உள்ளே, துண்டில் சுற்றிய முடிசுருட்டும் கருவி.
"பிடி ஆடும், பார்த்து!" என்று
பத்தூமி முழுக்கக் கேட்கும்படி ஒரு கத்தல்.

முன்பக்கத்தை லாம்சீரா தானே முடித்துவிட்டாள்,
குளியலறைக் கண்ணாடியோடு சண்டை போட்டபடி.
பிறகு சமையலறைக்கு வந்து
முக்காலியில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.
"பின்னால் எனக்குக் கண் கிடையாது, ஓத்தியா.
நீதானே இருபத்தாறு வருஷம்
இரும்போடு மாரடித்தவன்."

கப்பல் பட்டறையில் நான் பற்றவைத்த தகடுகளுக்கு
சூடு ஆயிரக்கணக்கில்.
இது வெறும் நூற்றெண்பது.
அங்கே ஒருநாளும் என் கை நடுங்கியதில்லை.

சீப்பின் வாலால் வகிடெடுத்தேன்.
விரல் அகலம் போதும் என்றாள்.
நுனியைக் கவ்வ வைத்து,
மேல்நோக்கிச் சுற்றி,
எட்டுவரை எண்ண வேண்டும்.
எட்டுக்கு இவ்வளவு தூரம் இருப்பது
எனக்கு அதுவரை தெரியாது.
ஐந்தில் கருகல் வாடை வந்த மாதிரி இருந்தது;
விட்டுவிட்டேன்.
முடி, எதுவுமே நடக்காதது போல்
நேராக விழுந்தது.
"பயந்தாங்கொள்ளி," என்றாள் திரும்பாமல்.

அடுத்த கற்றை.
ஆறு. ஏழு. எட்டு.
மெல்ல உருவி உள்ளங்கையில் வாங்கினேன்,
ஆறும்வரை தொங்கவிடக் கூடாதாம்.
கடைசலில் இருந்து அப்போதுதான் இறங்கிய
ஸ்பிரிங் மாதிரி,
ஆனால் எடையே இல்லாமல்.

வெளுத்த முடி கறுப்பை விடச் சீக்கிரம் வளைகிறது.
இதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள்:
பாரி நகரத்தில், மூன்றாம் மாடி வீடு;
அந்த அம்மாளுக்குக் கால் வராது,
சாப்பாடு கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை,
தலை மட்டும் தினமும் அலங்கரித்திருக்க வேண்டுமாம்.
"அதனால்தான் பழகிக்கொள்கிறேன்," என்றாள்.
பழகிக்கொண்டிருந்தது நான்.

பட்டறை மூடி மூன்று வருஷம்.
அதற்குப் பிறகு என்னிடம் யாரும்
சூடான எதையும் நம்பிக் கொடுத்ததில்லை.

ஒன்பதாவது சுருளில் பிடி ஆடியது.
காதுமடல் மயிரிழையில் தப்பியது.
மயிரிழையைக் கையில் வைத்துக்கொண்டே
அப்படிச் சொன்னதற்கு
தோள் குலுங்கச் சிரித்தாள்.
சிரிக்காதே, சுட்டுவிடும் என்றேன்.
சிரித்தாள்.
கழுத்து மடிப்பில் ஒரு மச்சம்.
கல்யாணமாகி முப்பது வருஷம்,
சத்தியமாக எனக்குத் தெரியாது.

வெளியே மழை. பத்தூமியில் மழை ஒரு செய்தியா?
இருப்பது ஒரே குடை.
அலுவலகம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன்:
வழி நெடுக அதைப் பின்பக்கமே சாய்த்துப் பிடித்திருக்கிறேன்.
என் வேலை நனையவில்லை.
அவள் முகம் நனைந்திருந்தது,
முன்பக்கச் சுருள்கள் அத்தனையும்
நெற்றியில் ஒட்டிக் கிடந்தன.
அவள் என்னைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை.

கவுண்டர்ப் பெண் நிமிராமல் சொன்னாள்:
"முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குங்கள்.
கேமராவைப் பாருங்கள்.
சிரிக்க வேண்டாம்."

நான் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
பதினோரு சுருள்,
பன்னிரண்டாவது, ஐந்தில் விட்டது,
கம்பி மாதிரி நேராக.
அதைச் சரிசெய்ய ஒரு நிமிஷம் கிடைக்குமா என்று
கேட்கலாமா என யோசிப்பதற்குள்
வெளிச்சம் அடித்துவிட்டது.

திரையில் வந்தவள்
எதிலிருந்தோ தப்பி வந்தவள் போல் இருந்தாள்.
பத்து வருஷத்துக்குச் செல்லும்.

மாலையில் கூடை மீண்டும் இறங்கியது.
கருவியை அதே துண்டில் சுற்றி,
கூடவே நாலு பெர்சிமன் பழம் வைத்தேன்.
பிடியின் திருகாணியை இறுக்கியிருந்தேன்,
இனி ஆடாது.

"படம் எப்படி வந்திருக்கு?" என்று சியாலா
மேலிருந்து கத்தினாள்.

"முன்னாலிருந்து பார்த்தால்
ஒன்றும் தெரியாது," என்று
நானும் கத்தினேன்.